பிஸ்கோத்துக்கு முள் எடுத்த கதை

1

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. மீன் வாடை அடிக்கும், மூக்கைப் பொத்திக்கொள்ளாதீர்கள். இந்தக் கதையில் ஒரு நாய் பிழைத்தாக வேண்டும். பிழைக்க வைப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டே தொடங்குகிறேன். மற்றதற்கெல்லாம் நான் பொறுப்பில்லை.

கதை பிறந்த இடத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுச் சந்திரகலா ஒரு நாய்க்குட்டி கொண்டுவந்தாள். மறுநாள் காலையில் மதில்மேல் மோவாயை வைத்துக்கொண்டு, “அத்த, நாய்க்கு மீனு, எறா எல்லாம் போடலாமா?” என்று கேட்டாள். கையில் ஒரு கிண்ணம் நிறைய இறால் தலை.

இதற்குப் பதில் நாலே வரி. நாலு வரியில் நிறுத்தத் தெரிந்தவர்கள் டாக்டராகப் போவார்கள், என்னைப் போலக் கதை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். “அந்தக் கிண்ணத்தக் கீழ வை. எழுதித் தர்றேன்” என்றேன். அவள் இன்னும் மதிலோரத்தில்தான் நிற்கிறாள். குட்டி இன்னும் தயிர்சோறுதான் தின்கிறது.

2

முதல் தொடக்கம் இப்படி எழுதினேன்:

‘மலை உச்சியில் மேகம் இறங்கியிருந்த ஒரு காலைப் பொழுதில்—’

அடித்துவிட்டேன். திருவண்ணாமலையில் யார் பேனாவைத் திறந்தாலும் முதல் வரியில் மலை வந்து உட்கார்ந்துகொள்கிறது. இருக்கட்டும், அது எங்கேயும் போய்விடாது. நமக்கு நாய்தான் அவசரம்.

இரண்டாம் தொடக்கம்:

‘எஜமானி தன்னை விட்டுப் போன துக்கத்தில் பிஸ்கோத்து என்னும் அந்த நாய், வாழ்க்கை நிலையற்றது என்று—’

இதுவும் வேண்டாம். நாயின் மனசுக்குள் இதுவரை நான் போய்வந்ததில்லை. போனவர்கள் எழுதட்டும்.

மூன்றாவது:

‘ஜெயமதியின் வீட்டு வாசற்படியை அதுவரை ஒரு பல் பூண்டுகூடத் தாண்டியதில்லை.’

“இது நல்லாருக்கு” என்றாள் சந்திரகலா. எனக்கும் அப்படித்தான் பட்டது. இதிலேயே போவோம்.

3

ஜெயமதியின் வீட்டு வாசற்படியை அதுவரை ஒரு பல் பூண்டுகூடத் தாண்டியதில்லை. வெங்காயமும் அப்படித்தான். மண்ணுக்கடியில் விளைகிற எதுவும் அந்த வீட்டு அடுப்பில் ஏறாது.* குடிக்கிற தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டுவார்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுவார்கள். ஜெயமதி கீரை ஆய உட்கார்ந்தால் ஒவ்வோர் இலையையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள். புழு இருந்தால் அதை இலையோடு கொண்டுபோய்ச் செடியிலேயே விட்டுவிட்டு வருவாள். அவள் விரலுக்குத் தப்பிய புழு செங்கம் ரோடு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

(* நைனார் வீடு என்று எங்கள் ஊரில் சொல்வோம், சமண மதத்துக் குடும்பம். மண்ணுக்கடியில் என்றால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அதுவும் அப்படித்தானே என்று கேட்காதீர்கள். நான் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று. அது கொட்டையாம், கிழங்கில்லையாம்.)

அவள் கணவர் குணபாலனுக்குக் கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை மண்டியில் வேலை. காலையில் பஸ் ஏறினால் மாலை வெயில் தணியும்போது இறங்குவார். வீட்டுப் பின்கட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டிருந்தார்கள். எண்பத்தொன்றாம் வருஷமோ எண்பத்திரண்டோ, அந்த அறையில் இங்கா என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தாள். ரமணாசிரமத்துக்கு வந்தவள், அப்படியே தங்கிவிட்டாள். தெருவில் கிடந்த பழுப்பு நிறக் குட்டியொன்றை எடுத்து வளர்த்தாள். நிறத்தைப் பார்த்துத் தெருவே ‘பிஸ்கோத்து’ என்றது. அறை விடும்போது ஜெயமதி போட்ட நிபந்தனை ஒன்றுதான்: மாமிசம், முட்டை உள்ளே வரக் கூடாது. இங்கா அதை மீறியதே இல்லை.

ஆடி மாதம் இங்காவின் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. ஊருக்குக் கிளம்பியவள், நாயின் கயிற்றை ஜெயமதி கையில் கொடுத்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: “அக்கா, கார்த்திகை வரேன். இவன் உயிர் உங்கள் கை.”

உயிர் என்று சொல்லிவிட்டாள். வேறு எந்தச் சொல்லைச் சொல்லியிருந்தாலும் ஜெயமதிக்கு அன்றிரவு தூக்கம் வந்திருக்கும்.

4

பிஸ்கோத்து சாப்பிடவில்லை.

தயிர்சோறு வைத்தாள், முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. பருப்புச்சோற்றில் நெய் ஊற்றினாள், நெய்யை மட்டும் நக்கியது. பொங்கல் வைத்தாள். மல்லாட்டையும் வெல்லமும் இடித்து உருண்டை பிடித்தாள். அதைக் குணபாலன் தின்றார்.

“பசிச்சா தானா தின்னும். வீம்பு புடிக்க அது இன்னா என் மச்சானா?” என்றார் அவர்.

“எங்கண்ணன எதுக்கு இழுக்கறீங்க? எலும்பு தெரியுதுங்க அதுக்கு. எண்ணிப் பாக்கலாம் போல.”

பின்கட்டு வாசலில் தலையைத் தரையில் வைத்துப் படுத்தே கிடந்தது. எறும்புக்கும் வழி விட்டு நடக்கிற வீட்டில், வாசற்படியிலேயே ஓர் உயிர் பட்டினியாகச் சாகப் போகிறது. பூஜையில் உட்கார்ந்தாலும் ஜெயமதியின் கண் அதன் விலாவிலேயே போய் நின்றது.

ஒருநாள் காலை, காற்றாட நடக்க வைத்தால் பசிக்குமோ என்று கயிற்றைப் பிடித்துக் கிளம்பினாள். ரோட்டுக்கு வந்ததும் அந்தக் குச்சி நாய்க்கு எங்கிருந்து பலம் வந்ததோ, அவளை இழுத்துக்கொண்டு ஓடியது. முந்தானை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். நேராகப் போய்ப் புளிய மரத்தடியில் காசியம்மாளின் மீன் கூடைக்கு முன்னால் மரியாதையாக உட்கார்ந்துகொண்டது.

காசியம்மாள், புதுச்சேரி பஸ்ஸின் கூரையில் ஐஸ் போட்டு வருகிற மீனைக் கூடையில் வைத்து விற்பவள். தலை நிமிர்ந்து பார்த்தவள் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினாள்.

“இன்னாம்மா இது, நைனாரூட்டு அம்மா மீன் கூடையாண்ட நிக்கறீங்க? மழ கொட்டப் போவுது!”

“நாய் இழுத்துட்டு வந்துடுச்சி காசிம்மா.”

“இழுக்காம? பிஸ்கோத்து எங்கிட்ட ரொம்ப நாள் கிராக்கியாச்சே.”

“இங்கா தினமும் இத நடக்கத்தானே கூட்டிப் போவா?”

“நடப்பாங்கம்மா. நடந்து இங்க வருவாங்க. அந்தம்மா ரெண்டு மத்தி வாங்கிகினு ஏரிக்கரைக்குப் போவும். சின்னதா ஒரு ஸ்டவ்வு வச்சிருக்கும். எனக்கு முதுகக் காட்டி உக்காந்து இன்னாமோ பெசஞ்சிகினே இருக்கும், ரொம்ப நேரம். நாய் தின்னு முடிச்சதும் கொழாயாண்ட இட்டாந்து, வாயக் கழுவி, துண்டால தொடச்சிதான் உங்க ஊட்டுக்கு இட்னு போவும். ‘அக்கா மனசு நோவும்’னு சொல்லும்.”

ஜெயமதிக்கு வந்த கோபம், ‘வாயைக் கழுவி’ என்ற இடத்தில் நின்று, வந்த வழியே திரும்பிப் போயிற்று.

“தூக்குல கொழம்பு கீது. சோத்துல பெசஞ்சி வைக்கட்டா? நல்லா ஒறைப்பா இருக்கும்.”

“பூண்டு போட்டிருக்கியா?”

“மீன் கொழம்புல பூண்டு போடாம, மல்லியப் பூவா போடுவாங்க?”

“ஐயய்யோ, பூண்டெல்லாம் வேணாம்!”

காசியம்மாள் சிரித்த சிரிப்பில் ஈ எல்லாம் கூடையை விட்டுப் பறந்தது. “மீனு பரவால்லியாம், பூண்டுதான் ஆவாதாம்! இன்னா ஊட்டுச் சட்டமோ உங்குளுது!”

5

இங்கேதான் நான் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனேன். ஜெயமதியை அடுத்து என்ன செய்ய வைப்பது?

மீன் கொடுத்தால் மீனின் உயிர். கொடுக்காவிட்டால் நாயின் உயிர். தானே செய்தாலும் பாவம், பிறரைச் செய்ய வைத்தாலும் பாவம், செய்வதற்குத் தலையாட்டினாலும் பாவம் என்று படித்து வளர்ந்தவள் அவள். நானோ நெத்திலி வறுவலுக்கு ரெண்டாம் தடவை சோறு போட்டுக்கொள்கிறவள். அவள் மனசை நான் எப்படி எழுதுவேன்?

அதனால் அவள் செய்த தப்பை மட்டும் எழுதுகிறேன். அதைப் போல் ஒரு தப்பை அந்த வீட்டுக்காரர்களால் மட்டும்தான் செய்ய முடியும்.

கூடைக்கு முன்னால் நின்று நெடுநேரம் யோசித்துவிட்டு, ஜெயமதி தணிந்த குரலில் கேட்டாள்: “காசிம்மா, நீங்க தின்னுட்டு மிச்சம் போடறது இருக்குமில்ல... எலும்பு? அது மட்டும் குடு. சதை வேணாம்.”

“மீனுக்கு ஏதும்மா எலும்பு? முள்ளுதான்.”

“அதான். தின்னு தூக்கிப் போட்டதுல புதுசா உயிர்ப் பாவம் ஒண்ணும் சேராது. நாய்க்கும் எலும்புதானே புடிக்கும்?”

(சந்திரகலா மதிலிலிருந்து கத்துகிறாள்: “எந்தப் பைத்தியமாவது நாய்க்கு முள்ளக் குடுக்குமா அத்த?” கையில் இறால் தலைக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு கேட்கிறாள்! மீனை வாழ்நாளில் வாயில் வைக்காதவளுக்கு முள் குத்தும் என்று எப்படித் தெரியும், சொல்லுங்கள். நாய் என்றால் எலும்பு என்று உலகமே சொல்லிவைத்திருக்கிறது.)

காசியம்மாளும் கொஞ்சம் தயங்கினாள். “பூன திங்கும். நாயி... திங்கும்னுதான் நெனைக்கிறேன்” என்று, தான் தின்ற மீனின் முள்ளையெல்லாம் ஒரு தேக்கிலையில் வைத்துக் கொடுத்தாள். பிஸ்கோத்து பாய்ந்தது. இரண்டு வாய். மூன்றாவது வாயில் அப்படியே நின்றுவிட்டது.

கழுத்தை நீட்டியது. முன்னங்காலால் வாயைப் பிராண்டியது. எச்சில் நூலாக வடிந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம், நாய்ச் சத்தமே இல்லை.

“முள்ளு மாட்டிகிச்சி! சோத்த உருட்டிப் போடுங்கம்மா, எறங்கிடும்!” என்று காசியம்மாள் தூக்கைத் திறந்தாள்.

“இருக்கற முள்ள உள்ள தள்ளவா சொல்ற? புடி காசிம்மா, தலையப் புடி!”

ஜெயமதி ரோட்டில் மண்டியிட்டு உட்கார்ந்து—

(இந்த வாக்கியத்தை மூன்று முறை பாதியில் விட்டுவிட்டேன். அவள் செய்வாளா என்று எனக்கே சந்தேகம். மீன் வாடை அடித்தால் ரோட்டின் மறுபக்கம் போகிறவள். பிறகு நினைத்துப் பார்த்தேன். சிவப்புப் புழுவையும் கம்பளிப் பூச்சியையும் நசுங்காமல் எடுத்து விடுகிற விரல் வேறு யாருக்கு இருக்கிறது அந்த ரோட்டில்?)

—நாயின் வாய்க்குள் கையை விட்டாள். வாய் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை முணுமுணுத்தது. விரல், கீரை இலையைத் தடவுவது போல மேலண்ணத்தைத் தடவியது. கடைவாய்ப் பல் இரண்டுக்கும் நடுவே குறுக்காகக் குத்தி நின்ற முள்ளை நுனி உடையாமல் இழுத்து எடுத்தாள். பிஸ்கோத்து ஒரு தும்மல் தும்மிவிட்டு, தன் பல் கீறிய அவள் உள்ளங்கையை நக்கியது.

அப்போதுதான் தன் விரலில் இருப்பது என்னவென்று ஜெயமதிக்கு உறைத்தது. ரோடென்றும் பாராமல் அழுதாள்.

6

உள்ளே கிழித்திருக்குமோ என்ற பயத்தில் நாயை ரிக்‌ஷாவில் போட்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் பலராமன் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். தொண்டையைத் தடவினார்.

“எடுத்தது வரைக்கும் நல்லதும்மா. ஆனா எல்லாருக்கும் இந்தக் கை வராது. இன்னொரு தடவ மாட்டினா நேரா இங்க தூக்கிட்டு வந்துடுங்க. ரெண்டு நாள் கவனிங்க; வாந்தி எடுத்தாலோ, ரத்தமாப் போனாலோ உடனே வரணும்.”

“அது மீனத் தவிர எதையும் தொட மாட்டேங்குதுங்க.”

“அப்போ மீனே குடுங்க. பச்சையா வேணாம், வெறுந்தண்ணில வேக வைங்க. ஒரு முள்ளு இல்லாம எடுத்துட்டு, சோத்தோட கொஞ்சமாக் கலந்து குடுங்க. உப்பு, காரம், எண்ணெய் வேணாம். வெங்காயம், பூண்டு கூடவே கூடாது, நாய்க்கு அது விஷம்.”

ஜெயமதியின் கண் அகன்றது. “டாக்டர்... நீங்க நைனாருங்களா?”

“இல்லம்மா. மாட்டு டாக்டர்.”

7

மறுநாளிலிருந்து ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. குணபாலன் மண்டியிலிருந்து கொண்டுவருகிற மல்லாட்டையில் ஒரு படியை ஜெயமதி காசியம்மாளுக்குக் கொடுத்தாள். காசியம்மாள், அன்று காலை வந்த மீனில் இரண்டை நாய்க்குக் கொடுத்தாள்.

“நான் மீன் வாங்கல. காசிக்கு மல்லாட்ட குடுத்தேன், அது ஒரு தானம். அவ நாய்க்கு மீன் குடுத்தா, அது வேற தானம்.” கிணற்றடியில் நின்று தனக்குத்தானே இப்படிச் சொல்லிக்கொண்டாள். துவைக்கிற கல்கூட அதை நம்பவில்லை.

பின்கட்டுக்கு வெளியே மூன்று செங்கல், இங்காவின் அலுமினியக் குண்டான், வடிகட்டிய தண்ணீர். வெந்ததை வாழையிலையில் கொட்டி ஆறவைத்து, வெயிலைப் பார்த்து உட்கார்ந்து, ஒவ்வொரு நாராகப் பிரித்து முள் எடுப்பாள். ஏரிக்கரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து இங்கா என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது அவளுக்கு இப்போது புரிந்தது. ஒருநாள் வந்து பார்த்த காசியம்மாள், “எங்கூட்டுக் கொழந்தைக்குக்கூட நான் இப்டி ஆஞ்சி குடுத்ததில்லம்மா” என்றாள்.

முடிந்ததும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வாள். நாய்க்கும் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். பூண்டில்லை, வெங்காயமில்லை, வடிகட்டிய தண்ணீர். மீன் ஒன்று மட்டும் இல்லாவிட்டால் பிஸ்கோத்தை நைனார் என்றே சொல்லியிருக்கலாம்.*

(* சந்திரகலா, உன் நாலு வரி இங்கே இருக்கிறது. இறாலுக்குத் தலை, ஓடு, வால் மூன்றையும் கிள்ளி எறி. முதுகு நரம்பை உருவு. வேக வைத்து ஒன்றிரண்டு மட்டும் கொடு. கருவாடு வேண்டாம், எல்லாம் உப்பு. நாள்பட்ட மீன் வேண்டாம், உனக்கு வேண்டாதது அதற்கும் வேண்டாம். முதல் தடவை துளி கொடுத்துப் பார். சொறிந்தாலோ வாந்தி எடுத்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் போ. இனி நீ போகலாம். போக மாட்டாய், தெரியும்.)

நாய்க்கு விலா மூடியது. ஜெயமதிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. மல்லாட்டைக் கணக்கு பகவானிடம் செல்லாது என்று தெரியும். ஆகவே அவர்கள் நோன்பில் ஒரு ருசியைத் துறப்பார்களே, அப்படி அவள் உப்பைத் துறந்தாள். அது மீன் தின்கிறவரை தனக்கு உப்பில்லாத சோறு என்று யாரிடமும் சொல்லாமல் முடிவு செய்துகொண்டாள். பின்கட்டில் நாய் உப்பில்லாமல் தின்றது, உள்கட்டில் அவள் உப்பில்லாமல் தின்றாள்.

“உப்பு மேல இன்னா கோவம் உனக்கு?” என்றார் குணபாலன்.

“ஒடம்புக்கு நல்லதாம்.”

அவர் பின்கட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்தார். மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டார். “மல்லாட்ட சீக்கிரம் தீந்துபோவுது போல. நாளைக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாக் கொண்டாறேன்” என்றார்.

8

கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் பேனாவைக் கழுவி வைத்திருப்பேன். குணபாலனின் அக்கா ஜெயந்திமாலா வந்துவிட்டாள்.

பத்து நாள் நோன்புக்குத் தம்பி வீட்டில் தங்கப் பெட்டியோடு வந்தாள், சொல்லாமல். நோன்பென்றால் அவளுடையதுதான் நோன்பு. கிராமத்தில் அவள் வீட்டுக் கிணற்றில் வாளி விடுவதற்கு முன்னால், தண்ணீருக்குள் இருக்கிற பூச்சிகளிடம் அவள் அனுமதி கேட்பாள் என்று சொல்வார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன், ரொம்ப இல்லை.

தெருவாசலில் குரல் கொடுத்தாள். பதில் இல்லை. வீட்டைக் கடந்து பின்கட்டுக்கு வந்தாள். மூன்று செங்கல், குண்டான், வாழையிலை. இலைக்கு முன்னால் ஜெயமதி, கையெல்லாம் மீன். எதிரில் பிஸ்கோத்து, பந்திக்கு உட்கார்ந்தவன் போல.

“இன்னா ஜெயமதி அது?”

ஜெயமதியின் தலைக்குள் ஓராயிரம் பொய் ஓடியது. பலாக்கொட்டை என்று சொல்லலாம். வாழைப்பூ என்று சொல்லலாம். ஆனால் அந்த வீட்டில் கொல்லாமைக்கு அடுத்தபடி பொய்யாமைதான். ஒன்றில் வழுக்கியது போதாதா?

“மீனுங்க அக்கா” என்றாள்.

9

முடிவுகள் மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

முதலாவது: ஜெயந்திமாலா பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ‘இந்த வீட்டுத் தண்ணிகூட எனக்கு—’ என்று கத்துகிறாள், நாயைத் தெருவில் விடுகிறார்கள். இதைக் கிழித்துவிட்டேன். நாய் பிழைக்கும் என்று உங்களிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். மேலும், நாத்தனார் என்றாலே கத்த வைப்பது எழுதுகிறவளின் சோம்பேறித்தனம்.

இரண்டாவது: அந்த நிமிஷம் பார்த்து வாசலில் டாக்சி நிற்கிறது, இங்கா இறங்குகிறாள். கார்த்திகைக்கு வருகிறேன் என்றவள் எப்படிப் புரட்டாசியில் வருவாள்? என்னைக் காப்பாற்ற விமானம் ஏறி வந்தாளா?

மூன்றாவது:

ஜெயந்திமாலா ஓர் அடி முன்னால் வந்தாள். நாயைப் பார்த்தாள். அதன் விலாவைப் பார்த்தாள். இலையின் ஓரத்தில், ஊசி ஊசியாக வரிசை வைத்த முள்ளைப் பார்த்தாள். ஜெயமதியின் உள்ளங்கையில் பல் பட்ட தழும்பைப் பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்தாள். மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு, நாலு முழம் தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவி, இலையைத் தொடாமல் நீட்டிக் காட்டினாள்.

“அதோ. ஒண்ணு வுட்டுட்ட பாரு.”

ஜெயமதி வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தாள். இருந்தது, மயிரிழை போல ஒன்று.

அன்று பொழுது சாய்வதற்குள் இலை போட்டபோது, ஜெயமதியின் இலையில் உப்பு இல்லாததை ஜெயந்திமாலா கவனித்தாள். தன் இலை ஓரத்தில் வைத்த உப்பை விரலால் ஒதுக்கினாள்.

“எனக்கும் வேணாம்” என்றாள்.

10

“எது நடந்துச்சி அத்த? மூணாவதுதானே?” என்கிறாள் சந்திரகலா.

சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு? காசியம்மாள் எனக்குச் சொன்னது ‘மீனுங்க அக்கா’ வரைக்கும்தான். அன்று மல்லாட்டை வாங்க வந்து பின்கட்டோரம் நின்றவளை, அதற்கு மேல் அங்கே யாரும் நிற்க விடவில்லை. பிஸ்கோத்து கார்த்திகைக்கு இங்காவைப் பார்த்து வாலாட்டியதைத் தெருவே பார்த்தது. அது மட்டும் உறுதி. நடுவில் என்ன நடந்தது என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவசரமில்லை. ஒருநாள் ஒரு வாயில்லா ஜீவனுக்கு வெயிலில் உட்கார்ந்து முள் எடுத்துப் பாருங்கள். மூன்றில் எது என்று விரலே சொல்லும்.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்திருங்கள், கால் மரத்திருக்கும். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டில் உண்கிற பெரியவர், சின்னவர், வாசலில் படுத்திருக்கிற நாலு கால்காரர், எவர் தொண்டையிலும் ஒரு முள்ளும் நிற்காமல் இருக்கட்டும். நீங்கள் பார்க்காமல் விட்ட முள்ளைப் பார்த்துச் சொல்ல, பக்கத்தில் எப்போதும் ஒருத்தர் குந்தியிருக்கட்டும்.